அப்பத்தா முடிந்து வைத்த தக்காளி விதை

தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்து ஊர் ஒன்று. ஊருக்குக் கிழக்கே காலனி. அங்கே ஒரு வீட்டின் அடுப்படிச் சுவரில் சின்னச் சுரைக்குடுக்கை தொங்குகிறது. அதற்குள் சாம்பல் கலந்த தக்காளி விதை. அந்த வீட்டில் மாமியாரிடமிருந்து மருமகளுக்கு என்று மூன்று தலைமுறையாகக் கைமாறி வரும் விதை அது. ஊரையும் பெயரையும் எழுத வேண்டாம் என்று வீட்டார் நம்மிடம் கேட்டுக்கொண்டார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

பார்வைக்கு அந்தப் பழம் அழகில்லை. தட்டையாக, பூசணிக்காயைப் போல வரி விழுந்து இருக்கும். தோல் மெல்லிசு. பறித்த மூன்றாம் நாள் கசிய ஆரம்பித்துவிடும். ஆனால் நாலு பழத்தைப் பிசைந்து ரசம் வைத்தால் புளி வேண்டியதில்லை. வீட்டில் அதற்கு 'அப்பத்தா தக்காளி' என்று பெயர்.

விதை எப்படி வந்தது என்று அந்த அப்பத்தாவிடம் கேட்டோம். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. "எங்க மாமியா பண்ணையார் தோட்டத்துல களை எடுக்கப் போவாக. கூலி போக, விக்காத அழுகல் பழத்தை அள்ளிக் குடுப்பாக. அழுகல்னு நாம வருத்தப்படலாமா? நல்லாப் பழுத்து அழுகுனதுலதானே வெதை முத்தியிருக்கும்?" என்று சிரித்தார்.

அடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் விதையைப் பற்றி அறிந்திருந்தது இப்படித்தான். விதை பொறுக்குவது, நாற்று விடுவது, நடுவது, களை எடுப்பது எல்லாம் இவர்கள் கை. ஆனால் விளைச்சல் பண்ணையின் பெயரில் இருக்கும். அழுகல் பழத்தில் வந்த விதை மட்டுமே இவர்களுக்குச் சொந்தமானது.

அப்பத்தா விதை எடுக்கும் முறையை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் பறிப்பிலும் கடைசிப் பறிப்பிலும் அவர் விதை எடுப்பதில்லை. நடுக்காய்ப்பில், நோய் இல்லாத செடியாகப் பார்த்து ஒரு துணிக் கிழிசலைக் கட்டி வைக்கிறார். அந்தச் செடியின் பழத்தை யாரும் தொடக் கூடாது. நன்றாகப் பழுத்ததும் பிழிந்து மண்சட்டியில் இரண்டு நாள் புளிக்க வைக்கிறார். மேலே நுரை கட்டும். பிறகு அலசினால் சொத்தை விதை மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். அதை நிழலில் காயவைத்து, சாம்பல் கலந்து குடுக்கையில் போடுகிறார். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு அதை முளைக்க விடாது. புளிக்கும்போது அந்த வழவழப்பு கரைந்துவிடும். அறிவியல் நூல்களும் இந்த முறையைத்தான் சொல்கின்றன.

தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பது. அதனால் நாட்டு ரகத்தின் விதையைப் போட்டால் அதே பழம் வரும். ஒட்டு ரகத்தில், அதாவது ஹைபிரிட்டில், விதை எடுத்துப் போட்டால் தாய்ச்செடியைப் போலவே எல்லாச் செடியும் வராது. ஒவ்வொரு பட்டத்துக்கும் கடையில் பாக்கெட் வாங்கியாக வேண்டும்.

தக்காளியே தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதானே, அதில் நாட்டு ரகம் ஏது என்று சிலர் கேட்பதுண்டு. வந்தது வெளியிலிருந்துதான். ஆனால் நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் தாங்கும் செடியைப் பட்டத்துக்குப் பட்டம் பொறுக்கி எடுத்தது நம் ஊர்க் கைகள்.

இதற்குச் சான்று இதே மாவட்டத்தில் இருக்கிறது. சந்தையில் 'நாட்டுத் தக்காளி' என்று நாம் வாங்குவது பல நேரம் பி.கே.எம்.1 என்ற ரகம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் ஆராய்ச்சியில் உருவாகி, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அதன் மூலம் எது தெரியுமா? தேனிக்குப் பக்கத்தில் உள்ள அன்னஞ்சியின் பெயரால் வழங்கிய உள்ளூர்த் தக்காளி. அதில் சடுதி மாற்றத்தைத் தூண்டி இந்த ரகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வெகுதூரம் லாரியில் போனாலும் தாங்கும், எக்டேருக்கு 30 முதல் 35 டன் விளையும் என்கிறது பல்கலைக்கழகக் குறிப்பு. ஊரின் பெயர் அதில் நிற்கிறது. அந்த விதையைத் தலைமுறையாகப் பொறுக்கி வைத்த கைகளின் பெயர் இல்லை.

சரி, விதை கையில் இருந்தால் போதுமா? போட நிலம் வேண்டாமா?

இந்தக் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. 1 ஏக்கர் 20 சென்ட் பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ல் ஆங்கில அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்வார்கள். முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் கைமாற்றக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாரைத் தவிர வேறு யாருக்கும் மாற்றக் கூடாது என்பது நிபந்தனை. அப்படிக் கொடுத்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பதை இந்தப் பகுதியின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பத்தாவின் கணவர் நோயில் விழுந்தபோது வைத்தியச் செலவுக்காக நிலத்தை ஊர்க்காரர் ஒருவருக்கு ஒத்திக்கு விட்டார்கள். அப்படி விடுவதே செல்லாது என்று அன்றைக்குச் சொல்ல ஆள் இல்லை. நிலம் ஏழு வருடம் போய்விட்டது. விதை போகவில்லை. வீட்டின் அங்கணக்குழி ஓரத்தில், பாத்திரம் கழுவிய தண்ணீரில், வருடத்துக்கு மூன்றே செடி வைத்தார் அப்பத்தா. சாப்பிட அல்ல, விதைக்கு. "பேரப்பிள்ளைக பழத்தைக் கேட்டு அழும். குடுக்க மாட்டேன். ஒரு வருசம் விட்டாப் போச்சே" என்றார்.

பேத்தி கல்லூரிக்குப் போன பிறகுதான் விவரம் தெரிந்தது. தாலுகா அலுவலகத்தில் 'அ' பதிவேட்டின் நகலை வாங்கிப் பார்த்தார். மனு போட்டார்கள். இப்போது 60 சென்ட் கைக்கு வந்திருக்கிறது. மீதி நிலத்துக்கான மனு நடந்துகொண்டிருக்கிறது. பெயர் வேண்டாம் என்று அவர்கள் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

நிலத்துக்கு ஆவணம் இருப்பதைப் போல விதைக்கும் சட்டம் இருக்கிறது. பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம், 2001. அதன் 39-வது பிரிவின்படி உழவர் தன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கலாம், மறுபடி விதைக்கலாம், பகிரலாம், விற்கவும் செய்யலாம். பதிவு பெற்ற ரகத்தின் விதையை வணிகப் பெயர் ஒட்டி விற்பதற்கு மட்டும் தடை. பரம்பரையாகக் காத்து வந்த ரகத்தை உழவரோ ஊராரோ தங்கள் பெயரில் பதியக் கோரலாம். உழவர்களுக்குக் கட்டணம் இல்லை. ரகங்களைக் காத்த சமூகங்களுக்கு விருதும் உண்டு. விண்ணப்பிக்க அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

விதையும் நிலமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தெலங்கானாவின் ஜகீராபாத் பகுதி எடுத்துக்காட்டு. தக்காண வளர்ச்சிச் சங்கத்தில் திரண்ட தலித் பெண்கள் தரிசு நிலத்தைப் பண்படுத்தி, சிறுதானிய விதைகளை ஊர்தோறும் விதை வங்கியாகச் சேர்த்தார்கள். கூலிக்குப் போனவர்கள் விதை கொடுப்பவர்களாக மாறினார்கள். 2019-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

இங்கேயும் பேத்தி ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார். எந்தப் பட்டத்தில் எத்தனை செடி, பழத்தின் எடை, என்ன நோய், யாருக்கு எவ்வளவு விதை கொடுத்தோம் என்று எழுதி வருகிறார். முதல் பக்கத்தில் கொள்ளுப்பாட்டியின் பெயர், அடுத்து அப்பத்தா, அடுத்து அம்மா. ரகத்தைப் பதியும்போது இந்த நோட்டு உதவும் என்கிறார்.

நாம் கிளம்பும்போது அப்பத்தா குடுக்கையை இறக்கி, ஒரு சிட்டிகை விதையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "வாங்குனதுல ரெண்டு பங்கு திருப்பித் தரணும் தம்பி. அதுதான் கணக்கு" என்றார். பேத்தி அதையும் தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.