தேன்கூடு போச்சு... மாடு வந்தது... மொழியும் மாறியது!

பெண் கேட்டு வரும் மாப்பிள்ளை வீட்டார் பரிசமாக என்ன கொடுப்பார்கள்? கென்யாவின் முக்கோகோடோ காட்டில் ஒரு காலத்தில் தேன்கூடுகளைக் கொடுத்தார்கள். அந்த வழக்கம் மாறியபோது, அங்கே வாழ்ந்த யாக்கு மக்களின் தாய்மொழியும் கூடவே போய்விட்டது.

கென்யா மலைக்கு வடக்கே, லைக்கிப்பியா பகுதியில் இருக்கிறது இந்தக் காடு. யாக்கு மக்கள் பாறைக் குகைகளில் தங்கி, வேட்டையாடி, மரக்கட்டையைக் குடைந்து செய்த கூடுகளில் தேனீ வளர்த்தார்கள். அவர்களின் யாக்கு மொழி, சோமாலி மொழிக்குத் தூரத்துச் சொந்தம். மாசாய் மொழியோ வேறு குடும்பம்.

கல்யாணம் செய்த மாற்றம்

1911 முதல் 1913 வரை பிரிட்டிஷ் ஆட்சி, லைக்கிப்பியாவில் இருந்த மாசாய் மக்களைத் தெற்கே அனுப்பிவிட்டு, நிலத்தை வெள்ளைக்காரப் பண்ணையாளர்களுக்குக் கொடுத்தது. மாசாய் மொழி பேசும் சில சிறு கூட்டங்கள் முக்கோகோடோ பக்கம் வந்து சேர்ந்தன.

வந்தவர்களிடம் ஆடு மாடு இருந்தது. யாக்கு பெண்களை மணக்க அவர்கள் கால்நடையைப் பரிசமாகக் கொடுத்தார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் பிறகு தேன்கூட்டுக்குச் சம்மதிப்பார்களா? யாக்கு இளைஞர்களும் மாடு தேட வேண்டியதாயிற்று. மாடு இல்லாதவர்களை 'தொரோபோ' என்று மாசாய்கள் இளக்காரமாகச் சொல்வார்கள். அந்தப் பெயரிலிருந்து தப்பிக்கவும் மாசாயாக மாறுவதே வழி என்றானது.

1920, 30-களில் குகைகளை விட்டு வெளியே வந்து மாடு மேய்க்கத் தொடங்கினார்கள். பிள்ளைகள் மாசாய் பேசியே வளர்ந்தார்கள். யாக்கு மொழி பெரியவர்களோடு நின்றுவிட்டது. அதை அழிந்துபோன மொழிகளில் ஒன்றாக யுனெஸ்கோ குறித்தது.

தேன் காப்பாற்றிய சொற்கள்

ஆனால் முழுதாக அழியவில்லை. இவர்கள் இன்று பேசுவது முக்கோகோடோ மாசாய் என்ற வட்டார வழக்கு. மாட்டைப் பற்றிய பேச்செல்லாம் மாசாய்தான். தேனீ, தேன் என்று வந்தால் மட்டும் பழைய யாக்கு சொற்கள் எட்டிப்பார்க்கின்றன. தேன் எடுக்கும் தொழிலை அவர்கள் விடவில்லை. அதனால் அந்தச் சொற்களும் நாக்கில் தங்கிவிட்டன.

இந்த நூற்றாண்டில் யாக்கு மக்களுக்குத் தங்கள் மொழி மேல் மறுபடியும் ஆசை வந்திருக்கிறது. 'இந்தக் காடு எங்கள் முன்னோருடையது' என்று சொல்ல, தனி மொழி ஒரு பலமான அடையாளம் அல்லவா? நினைவில் மீதமிருந்த சொற்களை முதியவர்கள் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். மொழி முழுதாகத் திரும்புவது கஷ்டம்தான். ஆனால் முக்கோகோடோவில் காடும் தேனீயும் இருக்கும்வரை, சில யாக்கு சொற்களுக்கு அன்றாடம் வேலை இருந்துகொண்டே இருக்கும்.