ஓட்டு எப்ப வந்தது? எந்தக் கரையில?

இருக்கன்குடி பக்கம் தேர்தல் அன்னைக்குப் பட்டாசு ஆலைகளுக்கு லீவு. வாக்குச்சாவடியில் பெண்கள் வரிசை நீண்டு நிற்கும். இவங்களுக்கு ஓட்டு எப்ப வந்ததுன்னு கேட்டால், பாடப்புத்தகப் பதில் ஒண்ணு தயாரா இருக்கு: 1921, சென்னை மாகாணம், பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களிலேயே முதல்.

சரிதான். ஆனா அந்த ஓட்டு சொத்தையும் வரியையும் பார்த்துக் கொடுத்தது. ஆணுக்கும் அதே நிபந்தனைதானே என்பார்கள். பட்டா யார் பேரில் இருந்தது? அன்றைய ராமநாதபுரம் ஜில்லா, சாத்தூர் கரிசலில் பருத்தி எடுத்த கூலிக்காரி 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதே ஜில்லாவிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கப்பலேறின. அங்கே ஆண்டதும் அதே வெள்ளைக்காரன்தான். ஆனா டொனமூர் ஆணைக்குழு அங்கே சொத்துக் கணக்குப் பார்க்கலை. ஆணுக்கு 21 வயது, பெண்ணுக்கு 30 என்றது. சட்டம் வந்தபோது இருவருக்கும் 21. வருஷம் 1931. இந்தியத் தொழிலாளர்களுக்கு மட்டும், நிரந்தரமா குடியிருக்கிறதை நிரூபிக்கணும் என்கிற மாதிரி தடைகள் இருந்தன. அதையும் தாண்டிப் பல பேர் பட்டியலில் ஏறினார்கள். ஊரில் இருந்த அக்காவுக்கு 20 வருஷம் முன்னாடியே, கொழுந்து பறித்த தங்கைக்கு ஓட்டு! சுவிட்சர்லாந்துப் பெண்களுக்கே தேசியத் தேர்தலில் ஓட்டு 1971-ல்தான். (சோவியத் யூனியனில் ஆரம்பத்திலிருந்தே உண்டு, எதிர்த்து நிற்க வேறு கட்சிதான் கிடையாது.)

1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் 7 இடங்களில் ஜெயித்தது. சுதந்திரம் வந்த 1948-லேயே குடியுரிமைச் சட்டம். 1949-ல் தேர்தல் சட்டத் திருத்தம். தோட்டத்து மக்களில் பெரும்பாலானோர் நாடும் ஓட்டும் இல்லாதவர்களானார்கள். பெண் என்பதற்காகப் பறிக்கலை என்பது உண்மைதான். ஆனா 1960-ல் உலகின் முதல் பெண் பிரதமராக சிறிமாவோ பண்டாரநாயக்க வந்தபோது, அந்த நாட்டின் தேயிலையைக் கிள்ளிய பெண்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு இல்லை. வாக்குரிமை வருஷப் பட்டியல்களில் 'இலங்கை 1931' என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். அது பறிபோன வருஷத்துக்கு அங்கே கட்டமே கிடையாது.

1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதிப் பேர் விஷயம் 1974-ல் பேசப்பட்டது. இந்தப் பக்கம் வந்து குடியுரிமை வாங்கினவர்களுக்கு ஓட்டு கிடைத்தது. அங்கேயே தங்கி விடுபட்டவர்களுக்குக் கடைசியாக வழி செய்தது 2003 சட்டம்.

1931-ல் 21 வயதில் ஓட்டுப் போட்ட ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு 1949-ல் வயது 39. 2003-ல் இருந்திருந்தால் 93.