பார்க்கிங்: நடுநிலை வாக்காளர்கள் எதை எதிர்பார்த்தார்கள்?

கிழக்கு லண்டனின் பார்க்கிங் தொகுதி 2010 மே மாதம் பிரிட்டன் முழுவதும் உற்றுநோக்கப்பட்டது. தீவிர வலதுசாரி அமைப்பான பிரிட்டிஷ் தேசியக் கட்சியின் தலைவர் நிக் கிரிஃபின், 1994 முதல் அத்தொகுதியின் உறுப்பினராக இருந்த தொழிற்கட்சியின் மார்கரெட் ஹாட்ஜை எதிர்த்து அங்கே போட்டியிட்டார்.

அதற்கு 4 ஆண்டுகள் முன்னர், 2006 உள்ளாட்சித் தேர்தலில், பார்க்கிங் - டாகன்ஹாம் மன்றத்தின் 51 இடங்களில் 12 இடங்களைத் தேசியக் கட்சி கைப்பற்றிப் பிரதான எதிர்க்கட்சியாகியிருந்தது. அதற்கு வாக்களித்த அனைவரையும் இனவெறியர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர்களில் பலர் தலைமுறைகளாகத் தொழிற்கட்சிக்கு வாக்களித்து வந்தவர்கள்.

வீடும் வதந்தியும்

கோபத்தின் மையத்தில் இருந்தது வீடு. முதல் உலகப்போருக்குப் பின்னர் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட பெக்கன்ட்ரி குடியிருப்பில் சுமார் 27,000 வீடுகள் இருந்தன. உள்ளூர் மன்றத்தின் வாடகை வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு மன்றமே இன்னொரு வீடு தரும் என்பது அங்கு எழுதப்படாத எதிர்பார்ப்பு.

மார்கரெட் தாட்சர் அரசின் 1980ஆம் ஆண்டுச் சட்டம், குடியிருப்போரே அவ்வீடுகளைச் சலுகை விலையில் வாங்க வழிசெய்தது. வாங்கியவர்களில் பலர் பின்னர் விற்றுவிட்டு வெளியேறினர். கைமாறிய வீடுகள் பல தனியார் வாடகைக்கு வந்தன. நகரின் மற்றப் பகுதிகளைவிட வாடகை குறைவு என்பதால் புதிதாகக் குடிவந்தோர் அவற்றில் அமர்ந்தனர். பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணுக்கோ அது இன்னமும் மன்றத்தின் வீடுதான். தம் மகள் பட்டியலில் காத்திருக்க, வெளியாருக்கு மன்றம் வீட்டைக் கொடுத்துவிட்டது என்று அவர் நம்பினார். இங்கு வீடு வாங்க ஆப்பிரிக்கர்களுக்கு மன்றம் பணம் தருகிறது என்ற பொய்ப் பிரசாரம் எடுபட்டதும் இதனால்தான். 2002இல் ஃபோர்டு நிறுவனம் டாகன்ஹாமில் கார் தயாரிப்பை நிறுத்தியதும் சேர்ந்துகொண்டது.

தேநீர்க் கூட்டங்கள்

2006க்குப் பிறகு ஹாட்ஜ் தம் அணுகுமுறையை மாற்றிக்கொண்டார். தெருவாரியாகக் குடியிருப்பாளர்களைத் தேநீர் அருந்த அழைத்து, அவர்கள் மனதிலுள்ளதைக் கேட்டார். பெரும்பாலும் குப்பை, நடைபாதை, வாகன நிறுத்தம், வீடு என்பவையே பேச்சாக இருந்தன. குறையைக் கேட்ட பின் என்ன செய்யப்பட்டது என்பதையும் மீண்டும் தெரிவித்தார். குடியேற்றத்தைத் தம்மால் திருப்பிவிட முடியும் என்ற வாக்குறுதியை அவர் தரவில்லை.

வீடு ஒதுக்கும்போது நீண்டகாலமாக வசிப்போருக்குக் கூடுதல் முன்னுரிமை தரலாம் என்று 2007இல் அவர் எழுதியது வேறு விஷயம். எதிராளியின் வாதத்தை அவரே கடன் வாங்குகிறார் என்று சொந்தக் கட்சிக்காரர்களே சாடினர். அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. பார்க்கிங்கில் பலனளித்தது இந்த யோசனையைவிட அந்தக் கூட்டங்கள்தான் என்றே தோன்றுகிறது.

தமிழ்க் காதுக்கு 'மிதவாதி' என்ற சொல் சமரசம் செய்பவர் என்று ஒலிக்கக்கூடும். பார்க்கிங்கின் நடுநிலை வாக்காளர் அப்படிப்பட்டவரல்ல. அவருக்குக் கடுங்கோபம் இருந்தது. அதைக் கேட்க ஆள் வராதபோது, வந்தவரின் பக்கம் சாய்ந்தார்.

முடிவும் பின்னரும்

நாடெங்கும் தொழிற்கட்சி சரிந்த 2010 தேர்தலில், ஹாட்ஜ் 54 சதவீத வாக்குகளுடன் வென்றார். கிரிஃபின் 6,620 வாக்குகளுடன் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். அதே நாளில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அவரது கட்சி 12 இடங்களையும் இழந்தது. 51 இடங்களும் தொழிற்கட்சிக்கே சென்றன.

தேநீர்க் கூட்டங்கள் மட்டுமே இதைச் சாதிக்கவில்லை. இனவெறி எதிர்ப்புத் தொண்டர்கள் வீடுவீடாகச் சென்றனர். வாக்குப்பதிவு 2005ஐவிடக் கணிசமாக உயர்ந்தது. சிறுபான்மையினரின் வாக்கும் முக்கியமானது. பிரிட்டனில் சட்டபூர்வமாக வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்கள், காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் பிரிட்டிஷ் குடியுரிமை பெறாமலேயே வாக்களிக்கலாம். அண்டையிலுள்ள ஈஸ்ட்ஹாமிலும் இல்ஃபோர்டிலும் பெருமளவில் வாழும் தமிழர்களில் இதை அறியாதோர் இன்னும் இருக்கிறார்கள்.

வீட்டுக்கான காத்திருப்போ முடியவில்லை. 2016 கருத்தறியும் வாக்கெடுப்பில், ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்கவே லண்டன் பெரும்பான்மையாக வாக்களித்தபோது, பார்க்கிங் - டாகன்ஹாமில் 62 சதவீதத்தினர் வெளியேறுவதற்கு ஆதரவாக வாக்களித்தனர்.