பதினொரு வருஷச் சாரதிக்கு 38 புள்ளி

யாழ்ப்பாணத்தில் பதினொரு வருஷம் வான் ஓடினவன் நான். கல்யாண வீட்டுக்காரரும் ஏறியிருக்கிறார்கள், விடியப்புறம் மரக்கறி மூட்டைகளும் ஏறியிருக்கின்றன. லண்டனுக்கு வந்தபோது, அந்த லைசென்ஸில் 12 மாதம்தான் ஓடலாம் என்றார்கள். வேலை, வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று அந்த வருஷம் போன திசை தெரியவில்லை. பிறகு பஸ்தான். மகளுக்கு 17 வயதாகி அவள் கார் பழகப் புறப்பட்ட பிறகே எனக்கு ரோசம் வந்தது. இரண்டு பேரும் தியறி சோதனைக்குப் பதிந்தோம். ஆளுக்கு 23 பவுண்.

முதல் பகுதியில் 50 கேள்விகள், 57 நிமிடம். 43 சரியாக இருந்தால் சித்தி. சின்ன இடைவேளைக்குப் பிறகு 14 வீடியோக்கள். தெருவில் ஆபத்து உருவாவதைக் கண்டதும் மவுஸை அழுத்த வேண்டும். 75க்கு 44 எடுக்க வேண்டும். ஒரு பகுதியில் தவறினாலும் இரண்டையும் திரும்பச் செய்ய வேண்டும். இந்தக் கடைசி வசனத்தை நான் அப்போது கவனமாக வாசிக்கவில்லை.

என் மச்சான் 2010இல் இந்தச் சோதனையைத் தமிழில் செய்தவர். ஹெட்போனில் தமிழ்க் குரல் கேள்வியை வாசிக்கும், அவர் விடையை அழுத்துவார். 2014 ஏப்ரலோடு தமிழ் உட்பட 19 மொழிகளின் குரல்களை நிறுத்திவிட்டார்கள். ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு இது பாதி ஆங்கிலச் சோதனை. 'ஹார்ட் ஷோல்டர்' என்று கண்டபோது தோள்மூட்டு நோவு பற்றிய கேள்வியாக்கும் என்று நினைத்தேன். மோட்டர்வேயின் கரையில், பழுதான வாகனம் ஒதுங்குகிற பட்டையாம். பாதசாரிக் கடவைகளோ ஒரு மிருகக்காட்சிச்சாலை: சீப்ரா, பெலிக்கன், பஃபின், டூக்கன். டூக்கனில் நடக்கிறவரும் சைக்கிள்காரரும் சேர்ந்து கடக்கலாம். குதிரையில் வருகிறவர்களுக்கென்று பெகசஸ் வேறு.

ஹைவே கோட் புத்தகத்தைப் பாடமாக்குவது கஷ்டமில்லை, பழைய பழக்கத்தை மறப்பதுதான் கஷ்டம். எங்கள் ஊரில் ஹோர்ன் அடித்தால் ஆள் ஒதுங்குவார். இங்கே பக்கத்துத் தெருவுக்குள் திரும்பும்போது, கடக்கக் காத்து நிற்கிறவருக்கே நாங்கள் வழிவிட வேண்டும். 2022 ஜனவரியில் வந்த மாற்றம் இது. பழைய புத்தகத்தை இரவல் வாங்கிப் படிக்கிறவர்கள் இதில்தான் வழுக்குவார்கள்.

நிறுத்தும் தூரம் என் மண்டையில் ஏறவே இல்லை. மணிக்கு 30 மைலில் போகும்போது 23 மீட்டர்: மூளை உணர்ந்து கால் பிரேக்குக்குப் போக 9, பிரேக் பிடித்து வண்டி நிற்க 14. ஒரு நாள் பின்னேரம் மகள் என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். தெருவோரம் நின்ற கார்களை எண்ணச் சொன்னாள். ஒரு கார் நாலு மீட்டர் என்று வைத்தால் கிட்டத்தட்ட ஆறு கார். ஆறாவது காரின் மூக்கடியில் நின்று திரும்பிப் பார்த்தேன். எங்கள் படலை எங்கேயோ இருந்தது. இவ்வளவு தூரமும் வான் ஓடிக்கொண்டேயிருந்திருக்கும். மழையென்றால் இதைப்போல இரண்டு மடங்கு. பதினொரு வருஷமும் முன்வண்டிக்கு எவ்வளவு கிட்டப் போயிருக்கிறேன் என்று நினைக்க வயிற்றைக் கலக்கியது. முன்வண்டி கடந்த கம்பத்தை நாங்கள் அடைய இரண்டு செக்கனாவது ஆகவேண்டும் என்ற கணக்கு அதற்குப் பிறகு மறக்கவேயில்லை.

சோதனை நாள். போன், மணிக்கூடு எல்லாவற்றையும் லொக்கரில் பூட்டச் சொன்னார்கள். கேள்விகளில் 45. வீடியோவில் 38.

மகள் சிரிக்கவில்லை, அது பெரிய உதவி. அவள் ஏற்கெனவே சித்தியடைந்திருந்தாள். லப்டொப்பில் பயிற்சி வீடியோ போட்டாள். நான் அழுத்திய இடங்களில் சின்னக் கொடிகள் விழுந்தன. புள்ளி கிடைக்கும் நேரத்தை நிறப்பட்டை காட்டியது. கொடிகள் பட்டைக்கு முன்னாலேயே நின்றன.

"அப்பா, நீங்கள் பிந்தேல்லை. முந்திப்போறியள்."

"அந்தக் கார் வெளிக்கிடும் எண்டு எனக்குத் தெரியும்தானே?"

"உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு அது இன்னும் நிக்கிற கார்தான். அது வெளிக்கிட்டு, நீங்கள் ஸ்பீடைக் குறைக்கவேண்டி வந்தால்தான் ஆபத்து."

அந்தத் தருணத்தில் அழுத்தினால் ஐந்து புள்ளி, தாமதிக்கத் தாமதிக்கக் குறைந்து சைபராகும். அதற்கு முன்னர் அழுத்தினால் ஒன்றுமில்லை. முந்தி அழுத்துகிறவர்கள் ஒரு கணம் விட்டு இன்னொரு தரம் அழுத்தலாம், குற்றமில்லை. ஆனால் தாளம் போட்டதுபோல் தட்டிக்கொண்டேயிருந்தால் அந்த வீடியோவுக்கே சைபர். 14இல் ஒன்றில் மட்டும் இரண்டு ஆபத்துகள் வரும் என்பதையும் அவள்தான் சொன்னாள். முதலாவதை அழுத்திவிட்டுக் கதிரையில் சாய்கிற ஆள் நான்.

அதற்குப் பிறகு வேலைக்குப் போகும் பஸ்ஸில் மேல்தட்டின் முன் சீட்தான் என் வகுப்பறை. பெருவிரல் முழங்காலில். பள்ளிக்கூடப் பிள்ளை நடைபாதை விளிம்புக்கு வருகிறது: ஒன்று. கால் தெருவில் இறங்குகிறது: இரண்டு. பக்கத்தில் இருந்த கிழவி ஒருமுறை என் விரலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டாம் முறை கேள்விகளில் 47, வீடியோவில் 56. மகளுக்கு வீடியோவில் 63 என்பதை அவளே இரவுச் சாப்பாட்டில் ஞாபகப்படுத்தினாள். சித்திக் கடிதம் இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். அதற்குள் தெருவில் ஓடிக்காட்ட வேண்டும். அவளுக்குத் திகதி கிடைத்துவிட்டது. நான் இன்னும் திகதி தேடிக்கொண்டிருக்கிறேன், பஸ்ஸின் மேல்தட்டில் இருந்துகொண்டு.