படலையடிக்கு வரும் கொப்பி

கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம். படலையடியில் ஸ்கூட்டர் நின்ற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். தோளில் பை, கையில் பெரிய கொப்பி. "புதுப் பொம்பிளையைப் பதிய வந்தனான்" என்றார் மிட்வைப் அக்கா. எனக்கு வெட்கம், கொஞ்சம் எரிச்சலும்தான். பிள்ளையே உண்டாகவில்லை, அதற்குள் என்ன பதிவு?

மாமி கதிரை இழுத்துப் போட்டா. என் உயரம், நிறை, ரூபெல்லா ஊசி எல்லாவற்றையும் கேட்டுக் குறித்தபிறகு, "போலிக் அசிட் குளிசையை இப்பவே தொடங்கும் பிள்ளை. வயித்தில தங்கினது தெரிஞ்சு தொடங்கினால் பிந்திப் போடும்" என்றார். மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய் கருத்தரித்து ஏறத்தாழ 28 நாளில் மூடிவிடுகிறது. அந்த நாட்களில் பலருக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே தெரியாது.

அம்மம்மா காலத்து மருத்துவிச்சி வீட்டில் பிள்ளைப்பேறு பார்த்தவ. இப்போது இலங்கையில் அநேகமாக எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். ஆனாலும் குடும்பநல உத்தியோகத்தரின், அதாவது இந்த மிட்வைப் அக்காமாரின், வேலை குறையவில்லை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு தொடங்கியதிலிருந்து வந்த வழக்கம் இது: பெண் கிளினிக்குக்கு வரட்டும் என்று இருக்காமல், அவளைத் தேடிப் போவது. ஒருவருக்கு ஏறத்தாழ 3000 பேர் கொண்ட பகுதி. அதற்குள் யார் புதுமணப்பெண், யார் கர்ப்பவதி, எந்தக் குழந்தையின் நிறை ஏறவில்லை என்பதெல்லாம் அந்தக் கொப்பியில் இருக்கும். 1930களில் லட்சம் பிறப்புக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த நாடு இது. அண்மைக் காலத்தில் அது 30, 40 என்ற அளவுக்கு இறங்கியது. மலேரியா ஒழிப்பு, இலவச வைத்தியம், பெண் கல்வி எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் ஆஸ்பத்திரிக்கும் எங்கள் படலைக்கும் இடையே நடந்து திரிந்தது இந்த அக்காமார்தான்.

மகள் பிறந்து ஐந்தாம் நாள் அக்கா வந்தார். வந்தவர் எல்லாம் குழந்தையின் நிறத்தைப் பார்த்தார்கள்; அவர் என் தையலையும் காய்ச்சலையும் கேட்டார். "இரவில நித்திரை கொள்ளுறீரோ?" என்றதும் அழுதுவிட்டேன். மாமியின் பத்தியத்தையும் சண்டை பிடிக்காமலே பாதியாக்கிவிட்டுப் போனார்.

பிறகு அவருக்கு இடமாற்றம். எட்டு மாதம் வெற்றிடம். பக்கத்துப் பகுதி அக்காவே இரண்டு கொப்பியும் சுமந்தார். அந்த இடைவெளியில்தான் என் ஒன்றுவிட்ட தங்கச்சிக்குக் கலியாணம் நடந்தது. அவளின் பெயர் கர்ப்பத்தின் மூன்றாம் மாதக் கிளினிக்கில்தான் முதன்முதல் பதியப்பட்டது. போலிக் அசிட் குளிசை கையில் கிடைத்ததும் அன்றைக்குத்தான்.