பால் இறங்காத பிள்ளை

தாய்மார்களே! பிறந்த பிள்ளை ஓயாமல் வாயில் நுரை தள்ளுகிறதா? முதல் பாலிலேயே புரையேறி, முகம் நீலம் பாரிக்கிறதா? சளிதான், சர்க்கரைத் தண்ணீர் ஊற்று என்று பாட்டிமார் சொல்லக்கூடும். ஒரு சொட்டும் கொடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அப்பிள்ளையின் உணவுக்குழாய் பாதியில் அடைபட்டிருக்கலாம். ஏறத்தாழ 3,500 குழந்தைகளுள் ஒன்றுக்கு இக்குறை உண்டு. பெரும்பாலும் குழாயின் மேல்பாதி முட்டுச்சந்துபோல் நின்றுவிடும். கீழ்ப்பாதி மூச்சுக்குழாயோடு ஒட்டியிருக்கும். 1941-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் டாக்டர் கேமரன் ஹெய்ட் இரு முனைகளையும் ஒரே அறுவையில் இணைத்து ஒரு குழந்தையைப் பிழைக்க வைத்தார். இன்று நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில் பத்துக்கு ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றன.

குழாயை இணைத்தாயிற்று. பிறகும் பால் எதுக்களிக்கிறதே, சோறு நெஞ்சில் நிற்கிறதே, ஏன்? இதற்கு விடை காண எலிகள் உதவின. அட்ரியாமைசின் என்பது புற்றுநோய் மருந்து. சினை எலிகளுக்கு அதைச் செலுத்தினால் குட்டிகளுக்கும் இதே குறை உண்டாகிறது. 1996-இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் இதையே ஓர் ஆராய்ச்சி முறையாக்கினர்.

கருவில் முதலில் இருப்பது ஒரே குழாய்தான். அதிலிருந்துதான் உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் பிரிகின்றன. அந்தப் பிரிவு தவறிய எலிக்குட்டிகளில், உணவுக்குழாயின் நரம்புகளும் குறைபட்டிருந்தது தெரிய வந்தது. நரம்பு சரியில்லையென்றால் உணவைக் கீழே தள்ளும் தசை ஒழுங்காக வேலை செய்யாது; மேலேறும் இரைப்பைப் புளிப்பும் விரைவில் இறங்காமல் குழாயைப் புண்ணாக்கும்.

ஆகவே, தையல் ஆறியதும் எல்லாம் முடிந்தது என்று எண்ணாதீர்கள். பால் கொடுத்தபின் பிள்ளையைச் சற்று நேரம் நிமிர்த்திப் பிடியுங்கள். வளர்ந்ததும் சிறு கவளமாக மென்று, இடையிடையே தண்ணீர் குடிக்கப் பழக்குங்கள். அடிக்கடி இருமினாலோ, எடை கூடாவிட்டாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். மருத்துவர் குறித்த நாளில் தவறாமல் போய்க் காட்டுங்கள்.

வீட்டாருக்கும் ஒரு சொல். கிரகணத்தில் வெளியே வந்தாள், கண்டதைத் தின்றாள் என்று பெற்றவளைக் குற்றம் சாட்டாதீர்கள். அந்தக் குழாய் பிரிவது கருவுற்ற நான்காம், ஐந்தாம் வாரங்களில். தான் தாயாகப் போவதையே பல பெண்கள் அப்போது அறிந்திருப்பதில்லை. அவளுக்கு வேண்டியது ஏச்சு அல்ல. இரவில் பிள்ளையை மாற்றித் தூக்கிக்கொள்ள இன்னொரு கை.