பெண் விஞ்ஞானி வகுப்புக்கு வந்தால்

பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெண் விஞ்ஞானியை அழைத்து ஒரு மணி நேரம் பேசவைத்தால் என்ன பலன்? பொன்னாடை, கைதட்டல், குரூப் போட்டோ, அதோடு சரி என்று நினைப்பவர்களே அதிகம். பிரான்சில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2015-16 கல்வியாண்டில் பாரிஸ் வட்டாரத்தின் 98 மேல்நிலைப் பள்ளிகளுக்கு 56 பெண் விஞ்ஞானிகள் போய்ப் பேசினார்கள். எந்த வகுப்புக்குப் போவது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்ததால், போன வகுப்பையும் போகாத வகுப்பையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. தொமா பிரெடா உள்ளிட்ட நான்கு பொருளியலாளர்கள் சுமார் 20 ஆயிரம் மாணவ மாணவியரைத் தொடர்ந்து கவனித்தார்கள். பள்ளி இறுதியாண்டில் அறிவியல் பிரிவில் படித்த பெண்களில், இடம் கிடைப்பதே கடினமான உயர்தர அறிவியல் படிப்புகளில் சேர்ந்தவர்கள் 100க்கு 11 பேர். விஞ்ஞானி வந்துபோன வகுப்புகளில் அது 14.5 ஆனது.

இவ்வளவுதானா என்று கேட்கலாம். செலவானது ஒரே ஒரு பாடவேளை. கிடைத்ததோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்வு. அதுவும் பெரும்பாலும் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கும் பெண்களிடம்தான் தெரிந்தது. திறமை இல்லாதவர்களை யாரும் ஆசைகாட்டி இழுத்துவிடவில்லை. தகுதி இருந்தும் ஒதுங்கி நின்றவர்கள்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு வகுப்பு கீழே இருந்தவர்களின் பாடத் தேர்வில் எந்த மாற்றமும் இல்லை. எந்த வயதில் பேசினாலும் பலிக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

எதைப் பேசுகிறோம் என்பதும் முக்கியம். அறிவியலில் பெண்கள் குறைவு, அவர்களுக்குப் பாகுபாடு உண்டு என்பதையே அழுத்திச் சொன்ன பேச்சுகளுக்குப் பலன் குறைவாக இருந்தது. பேச்சைக் கேட்ட பிறகு, ‘பெண்களுக்கு அறிவியல் அவ்வளவாகப் பிடிக்காது’ என்று சொன்ன மாணவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது என்பதுதான் வேடிக்கை. இதில் வியக்க ஒன்றுமில்லை. அங்கே பெண்கள் போவதில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னால், பிடிக்காமல்தான் போகவில்லை போலும் என்று பதினேழு வயதுப் பிள்ளை முடிவுகட்டாதா? என்ன வேலை, எப்படிப்பட்ட வாழ்க்கை என்று காட்டிய பேச்சுகளே எடுபட்டன. இளம் ஆராய்ச்சியாளர்களைவிட நிறுவனத்தில் பணியாற்றும் விஞ்ஞானிகளின் பேச்சு அதிகம் பலித்தது பல்கலைக்கழகங்களுக்குக் கசக்கலாம். நிலையான வேலையில் இருப்பவரைப் பார்க்கும்போது நம்பிக்கை வருகிறது என்பது என் ஊகம்.

நம் நாட்டுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. இந்தியாவில் அறிவியல், தொழில்நுட்பப் பட்டப்படிப்புகளில் பெண்கள் சுமார் 43 சதவீதம். ஆராய்ச்சிப் பணியிலோ ஐந்தில் ஒருவர்கூட இல்லை. பிளஸ் டூவில் அல்ல, பட்டம் வாங்கிய பிறகுதான் இங்கே வழி அடைபடுகிறது. ஆகவே பெண் விஞ்ஞானிகள் பள்ளியைவிடக் கல்லூரி இறுதியாண்டுக்குப் போவது நல்லது. உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது, எந்த வேலைக்குப் போகலாம், கல்யாணத்துக்குப் பிறகு ஆய்வகத்துக்குத் திரும்ப வழி உண்டா என்பதையெல்லாம் பேச வேண்டும். பேச்சு ஆய்வகங்களைத் திருத்தாது என்பதும் உண்மைதான். குழந்தைகள் காப்பகம் இல்லாத ஆய்வகத்துக்கு அழைத்துவந்து பயனில்லை. இன்னொன்று: பெண் ஆராய்ச்சியாளர்கள் ஏற்கெனவே குறைவு. ஒவ்வொரு பள்ளிக்கும் கல்லூரிக்கும் அவர்களையே அனுப்பினால் அவர்களுடைய ஆய்வு நிற்கும். அந்த நாட்களைப் பதவி உயர்வுக் கணக்கில் சேர்க்காமல் ‘சேவை’ என்று பாராட்டி அனுப்பும் நிறுவனம், செலவை அவர்கள் தலையிலேயே கட்டுகிறது.